நேர்மைக்கு ‘பி’ கிரேடு: பள்ளிக்கூடத்தில் குணத்துக்கு மதிப்பெண் போடலாமா?

#1 கீழவாசல்_அப்பா

நேற்று பையனின் பிராக்ரஸ் ரிப்போர்ட் வந்தது. ஏழாம் வகுப்பு, தனியார் பள்ளி, பெயர் வேண்டாம். கணக்கு, அறிவியல் எல்லாம் வழக்கம்போலத்தான். கடைசிப் பக்கத்தில் இந்த வருடம் புதிதாக ‘நற்பண்புகள்’ என்று ஒரு கட்டம் போட்டு பத்து வரி. பணிவு, நேரம் தவறாமை, பகிர்ந்துகொள்ளுதல், நாட்டுப்பற்று, நேர்மை என்று போகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி. என் மகனுக்கு நாட்டுப்பற்றில் ஏ. நேர்மையில் பி.

ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன், என்னடா செய்தாய், யாருடைய பென்சிலையாவது எடுத்தாயா என்று. அவனுக்கும் முதலில் புரியவில்லை. அப்புறம் யோசித்துச் சொன்னான்: மிஸ் தினமும் ‘ஹோம்வொர்க் முடிக்காதவங்க எழுந்து நில்லுங்க’ என்பாராம், இவன் இந்தப் பருவத்தில் மூன்று தடவை எழுந்து நின்றிருக்கிறான். காலையில் வேனில் உட்கார்ந்து அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதியவர்கள் யாரும் நிற்கவில்லை. அவர்களுக்கெல்லாம் ஏ.

இதற்கென்று தனியாக 280 ரூபாய்க்கு ஒரு பயிற்சிப் புத்தகம் வேறு வாங்கச் சொல்லியிருந்தார்கள். கலர் படம், சிங்கம் முயல் கதை, கீழே ‘இதிலிருந்து நீ கற்றது என்ன?’ என்று இரண்டு கோடு.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, ஒழுக்கத்தைப் பாடமாக வைத்து மதிப்பெண் போடுவது சரியா? ஆசிரியர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். இரண்டாவது, அந்த மிஸ்ஸிடம் போய் இதைப் பற்றிப் பேசினால் அது பையன் தலையில் விடியுமா?

#2 பொரிகடலை

நேர்மையை விடுங்கள். நாட்டுப்பற்று ஏ-வை எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

#3 ஒழுக்கமே_உயர்வு

கிண்டலாகப் போய்விட்டது எல்லாருக்கும். நாங்கள் படித்த காலத்தில் வாரம் ஒரு நீதிபோதனை பீரியட் உண்டு, வாத்தியார் கையில் பிரம்பும் உண்டு, தெருவில் அவர் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்குவோம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் அடிக்கவும் கூடாது, மனம் நோகப் பேசவும் கூடாது என்று கட்டிப்போட்டுவிட்டார்கள். இன்று எட்டாம் வகுப்புப் பையன் வாத்தியாரை முறைக்கிறான். வீட்டில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், தாத்தா பாட்டி ஊரில், பிள்ளை கையில் செல்போன். இந்தச் சூழலில் பள்ளிக்கூடமும் ‘அது எங்கள் வேலை இல்லை’ என்று சொன்னால் அவன் யாரிடம்தான் கற்பான்? மதிப்பெண் போட்டால்தான் இங்கே எதையும் படிப்பார்கள், அதனால் போடட்டும். பி வந்தால் அடுத்த முறை ஏ வாங்க முயற்சி செய்யட்டுமே, அதில் என்ன கேடு?

#4 சாக்பீஸ்தூள்

அரசுப் பள்ளியில் 33 வருடம் தமிழய்யா. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒழுக்கமே சார் சொல்லும் அந்த நீதிபோதனை பீரியடை எடுத்தவன் நான். அதாவது டைம்டேபிளில் என் பெயர் இருந்தது. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். ஜூன் ஜூலையில் கதை சொல்வேன், பிள்ளைகளும் ஆசையாகக் கேட்பார்கள். ஆகஸ்ட் பாதியில் காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது கணக்கு சார் வாசலில் வந்து நிற்பார். ‘அய்யா, போர்ஷன் முடியல, இன்னைக்கு மட்டும்.’ அந்த ‘இன்னைக்கு மட்டும்’ மார்ச் வரை ஓடும். பி.டி. பீரியடும் நீதிபோதனையும் கணக்குக்கு நேர்ந்துவிட்ட ஆடுகள் எங்கள் பள்ளியில். பத்தாம் வகுப்புக்கு அந்த பீரியட் காகிதத்தில் மட்டும் இருக்கும், அதிகாரி ஆய்வுக்கு வந்தால் காட்ட. இதையெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பள்ளிக்கூடம் எதைப் பெரிதாக நினைக்கிறது என்று அவர்களுக்கு யாரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது வாழ்க்கைத் திறன், மனப்பான்மை, மதிப்புகள் என்பதற்கெல்லாம் நாங்களே கிரேடு போட வேண்டியிருந்தது. நோக்கம் நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் வகுப்பில் 47 பேர். பதிவேட்டை முடிக்க ஒரு மாலை. ‘பிறர் கருத்தை மதிக்கிறான்’ என்ற கட்டத்தில் அ போடுவதா ஆ போடுவதா என்று டீ ஆறுவதற்குள் முடிவு செய்ய வேண்டும். பாதிப் பேருக்குப் போன பருவத்தைப் பார்த்து எழுதினேன். சத்தம் போடாத பிள்ளைக்கு அ, துருதுருவென்று இருப்பவனுக்கு ஆ. ஆக நான் அளந்தது குணத்தை இல்லை, எனக்கு அவனால் எவ்வளவு தொந்தரவு என்பதை. கீழவாசல் தம்பி, உங்கள் மகனுக்கு பி போட்ட மிஸ்ஸும் இப்படித்தான் ஒரு மாலை உட்கார்ந்திருப்பார், அவர் மேல் கோபப்படாமல் போய்ப் பேசுங்கள்.

டிசியில் நடத்தை என்று ஒரு வரி உண்டு, ஞாபகம் இருக்கிறதா? நான் எத்தனையோ டிசி எழுதியிருக்கிறேன், அத்தனை பேருக்கும் ‘நன்று’. என் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டவனுக்கும் நன்று, வாயே திறக்காத பிள்ளைக்கும் நன்று. சுத்தப் பொய். ஆனால் அந்தப் பொய்யை இன்றும் நான் தப்பென்று நினைக்கவில்லை. பதினாறு வயதில் ஒருவன் செய்தது அவன் வேலை கேட்டு நிற்கும் இடம்வரை பின்னாலேயே வரக் கூடாது. அந்த ஒரு வரியில் இருந்த இரக்கம் இப்போது வருகிற பத்துக் கட்டத்தில் இல்லை.

குறள் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, அறத்துப்பால் பொருட்பால் இரண்டிலும் உள்ள 108 அதிகாரங்களையும் ஆறு முதல் பன்னிரண்டு வரை பாடத்தில் சேர்க்கச் சொன்னது. தமிழ் வாத்தியாருக்குக் கசக்குமா, சந்தோஷம்தான். வகுப்பில் நடந்தது என்ன என்றால், ‘என முடியும் குறளை எழுதுக’, இரண்டு மதிப்பெண். கள்ளாமை அதிகாரத்துக் குறளைப் பிட்டு வைத்து எழுதியவனை நானே பிடித்திருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது, அடிக்கத் தோன்றவில்லை.

#5 பொரிகடலை

அய்யா பிட்டை விட்டுவிட்டாரா, பறித்துக்கொண்டாரா என்று சொல்லவில்லை பாருங்கள்.

என் ஒழுக்கக் கல்வி ஐந்தாம் வகுப்பில் முடிந்தது. டீச்சர் வெளியே போகும்போது லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்து ‘பேசறவங்க பேரை போர்டுல எழுது’ என்பார். ஒரு கடலைமிட்டாய்க்கு ஒரு பெயர் அழியும். நெருங்கிய நண்பன் என்றால் பெயரே ஏறாது. பிடிக்காதவன் வாயைத் திறக்காவிட்டாலும் ஏறும், பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு ‘மிகவும் பேசினான்’. லஞ்சம், சிபாரிசு, பொய் வழக்கு மூன்றையும் பத்து வயதில் நேரடிப் பயிற்சியாகக் கற்றேன். புத்தகம் 280 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை.

#6 நெல்லைச்சீமை

நான் திருநெல்வேலிப் பக்கம், அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. எங்களுக்கு இது சும்மா பேசிப்போகிற பேச்சு இல்லை.

நம் பாடநூல்களில் ஆரம்பத்திலேயே அச்சிட்டிருக்கும்: ‘தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்.’ தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறோம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘இந்தியர் அனைவரும் என் உடன் பிறந்தவர்கள்’ என்று கையை நீட்டி உறுதிமொழியும் சொல்லியிருக்கிறோம். இதைவிடத் தெளிவாக ஒழுக்கத்தை எந்தப் பாடத்திட்டம் சொல்ல முடியும்? அப்படிச் சொல்லி வளர்ந்த பிள்ளைகள்தான் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தங்களோடு படித்த பன்னிரண்டாம் வகுப்புப் பையனை ராத்திரியில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன் செய்த ‘குற்றம்’ என்ன? ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்டபோது, சாதியின் பெயரால் தனக்கு நடந்த தொந்தரவை மறைக்காமல் சொன்னான். கீழவாசல் அண்ணாச்சி மகன் கதையைப் படித்ததும் எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. ரெண்டும் ஒன்றில்லை, தெரியும். ஆனாலும் உள்ளதைச் சொன்ன பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் மற்ற பிள்ளைகள் உற்றுப் பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயரை எடுப்பது, சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர்க் கயிற்றையும் நெற்றித் திலகத்தையும் தடுப்பது, ஆசிரியர் இடமாறுதல், அறநெறி வகுப்பு என்று நிறையப் பரிந்துரைகள். வெளியே கட்சிக்காரர்கள் சண்டை கயிற்றிலும் நெற்றித் திலகத்திலும் நின்றுவிட்டது, மற்றதை யாரும் பேசவில்லை. எங்கள் பள்ளியில் கயிற்றை அவிழ்க்கச் சொன்ன ஒரு சாரிடம் மறுநாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து ‘வாத்தியார் பாடத்தை மட்டும் பாருங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். சார் அதன்பிறகு பாடத்தை மட்டும்தான் பார்க்கிறார்.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு வருடம் ஒன்றும் சொல்லாமல் கவனித்தேன். ஸ்டாஃப் ரூமுக்கு டீ வாங்கிவர அனுப்பும் பையன்கள் எந்தத் தெரு, கழிப்பறைக்கு வாளி தூக்க அனுப்பும் பையன்கள் எந்தத் தெரு என்று. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அதுதான் கொடுமை. ‘அவன் நல்லா சுத்தமா செய்வான் டீச்சர்’ என்பார்கள். அடுத்த வருடம் என் வகுப்பில் எல்லா வேலைக்கும் அகர வரிசையில் முறை போட்டுச் சுவரில் ஒட்டினேன். பெருக்குவது, தண்ணீர்க் குடம், டீ, கரும்பலகை. மூன்றாம் நாளே இரண்டு பேர் வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள், ‘எங்க பையன் துடைப்பம் தொட மாட்டான்’ என்று. ஹெச்.எம். என் பக்கம் நின்றார். அவர் நிற்காமல் போயிருந்தால் அந்தத் தாளை நானே கிழித்திருப்பேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

#7 ஒழுக்கமே_உயர்வு

அம்மா, நீங்கள் செய்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் எதை எடுத்தாலும் சாதியில் கொண்டுபோய் முடிப்பது எனக்கு ஒப்பவில்லை. நான் சொல்வது பொதுவான ஒழுக்கம். பொய் சொல்லாதே, பெரியவரை மதி, குப்பையைக் கண்ட இடத்தில் போடாதே. இதற்கு ஒரு வகுப்பு வைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆசிரியருக்கு நேரமில்லை என்றால் வெளியிலிருந்து நல்ல பேச்சாளர்களை அழைத்து வரலாம். மாணவர்கள் கண்ணீர் விட்டு அம்மா அப்பா காலில் விழுகிற வீடியோ எல்லாம் பார்த்திருப்பீர்களே.

#8 பொரிகடலை

பேச்சாளர் என்றதும் 2024இல் நடந்தது ஞாபகம் வருகிறது சார். சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்குத் தன்னம்பிக்கை கொடுக்க வந்தவர், போன பிறவியில் செய்த பாவத்தால்தான் இந்தப் பிறவியில் ஊனமாகப் பிறக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் பேசினார். பார்வையில்லாத ஆசிரியர் ஒருவர் அத்தனை பிள்ளைகள் முன்னாலும் எழுந்து இது என்ன பேச்சு என்று கேட்டார். பேச்சாளர் அப்புறம் கைதானார், தலைமையாசிரியரை மாற்றினார்கள், அதெல்லாம் ஊருக்கே தெரியும்.

அன்று அந்தப் பள்ளியில் ஒழுக்க வகுப்பு நடக்கத்தான் செய்தது. எடுத்தவர்தான் வேறு.

#9 தரவுப்பித்தன்

இதில் பழைய ஆராய்ச்சி ஒன்று உண்டு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகிறது. அமெரிக்காவில் ஹார்ட்ஷார்ன், மே என்று இரண்டு பேர், 1928 முதல் 1930 வரை மூன்று பகுதியாக வெளியிட்டார்கள். ஏறக்குறைய 11,000 பிள்ளைகள். ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளைகள் தேர்வு எழுதியதும் தாளை வாங்கி ரகசியமாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறுநாள் தாளைத் திருப்பிக் கொடுத்து, சரியான விடைகளின் பட்டியலும் கொடுத்து ‘நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்’ என்பார்கள். எத்தனை விடையை அழித்து மாற்றினார்கள் என்று நகலை வைத்து எண்ணிவிடலாம். கிடைத்த முடிவு என்னவென்றால், நேர்மையான பிள்ளை, நேர்மையில்லாத பிள்ளை என்று இரண்டு கூட்டம் இல்லை. தேர்வில் காப்பியடித்தவன் விளையாட்டில் நேர்மையாக இருந்தான், வகுப்பில் நேர்மையாக இருந்தவன் வீட்டில் பொய் சொன்னான். எது சரி என்று நன்றாகத் தெரிந்து வைத்திருப்பதற்கும் அப்படி நடப்பதற்கும் தொடர்பு ரொம்பக் குறைவு. சூழ்நிலை மாறினால் பிள்ளையும் மாறினான். ஒரு தாளில் ‘நேர்மை: பி’ என்று ஒரே எழுத்தில் எழுதக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதாதா?

இன்னொன்று, 2010இல் அமெரிக்கக் கல்வித் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு வெளியிட்டது. பண்பு வளர்ப்புத் திட்டங்கள் ஏழு, 84 தொடக்கப் பள்ளிகள், மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை அதே பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். திட்டம் நடந்த பள்ளிக்கும் நடக்காத பள்ளிக்கும் மொத்தத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

இதை வைத்து ‘எல்லாம் வீண்’ என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஏழும் அந்த விதத்தில் செய்தபோது பலன் தரவில்லை, அவ்வளவுதான்.

ஜப்பானில் 2018இல் தொடக்கப் பள்ளியிலும் 2019இல் நடுநிலைப் பள்ளியிலும் ஒழுக்கத்தைப் புத்தகம் வைத்த சிறப்புப் பாடமாக ஆக்கினார்கள், வாரத்துக்கு ஒரு வகுப்பு. ஓட்சு என்ற ஊரில் சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் ஒரு பையன் உயிரை விட்டது அங்கே பெரிய பேச்சானது, அதுவும் இதற்கு ஒரு காரணம். ஆனால் கவனியுங்கள், இந்தப் பாடத்துக்கு எண்ணோ கிரேடோ கிடையாது. ஆசிரியர் சில வரி எழுதுவார். மேல்படிப்புச் சேர்க்கைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. அங்கேயும் கூத்து இல்லாமல் இல்லை. ஒரு பாடக்கதையில் பிள்ளைகள் உலா போகும்போது ரொட்டிக்கடை வரும். ஊர்ப்பற்று நாட்டுப்பற்று போதவில்லை என்று அரசுத் தரப்பில் குறிப்பு வந்ததும் பதிப்பகத்தார் ரொட்டிக்கடையை எடுத்துவிட்டு ஜப்பானிய இனிப்புக்கடையாக மாற்றினார்கள். பொரிகடலை கேட்ட நாட்டுப்பற்று கிரேடு அனேகமாக அந்த வழியில் வந்ததுதான்.

#10 தெம்பனிஸ்_தமிழ்

சிங்கப்பூரிலிருந்து. இங்கே குணநலனும் குடியுரிமையும் என்று ஒரு பாடம் தொடக்கப்பள்ளியில் உண்டு, அதைத் தாய்மொழியில்தான் நடத்துகிறார்கள், அதனால் என் மகளுக்குத் தமிழாசிரியர்தான் அதை எடுப்பது. இதில் ஒரு நன்மை எதிர்பாராமல் கிடைத்தது: வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுகிற பிள்ளைக்கு ‘மனம் நொந்துபோனது’, ‘விட்டுக்கொடுத்தேன்’ மாதிரிச் சொற்கள் அந்த வகுப்பில்தான் வந்தன. புத்தகம் சுமார். நானே புரட்டிப் பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கிறேன்.

பழைய கதை ஒன்று. 1984இல் இங்கே உயர்நிலை மூன்று நான்கில் சமய அறிவைக் கட்டாயப் பாடமாகக் கொண்டுவந்தார்கள். இந்து, பௌத்த, இஸ்லாம், கிறித்துவ சமயங்களோடு கன்பூசிய ஒழுக்கமும் ஒரு தெரிவு. பிள்ளைகள் நல்லவர்களாக வளர வேண்டும் என்பதுதான் எண்ணம். ஐந்தாறு வருடத்தில் சமய வேறுபாடு கூர்மையாகிறது என்ற கவலை வந்து அரசே கட்டாயத்தை எடுத்துவிட்டது. தான் கொண்டுவந்ததைத் தானே எடுக்கிற தைரியம் எனக்குப் பிடித்தது, வேறு என்ன சொல்ல.

உருப்படியாக எனக்குத் தெரிவது தினசரிச் சுத்தம். 2017 தொடக்கத்திலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் பிள்ளைகள் தங்கள் வகுப்பறை, உணவுக்கூடம், நடைபாதையைத் தாங்களே கொஞ்ச நேரம் துடைக்கிறார்கள். கழிப்பறை அதில் இல்லை. மகள் முதல் மாதம் வந்து புலம்பினாள். இப்போது நான் மேசையில் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுப் போனால் கூப்பிட்டுக் காட்டுகிறாள். நெல்லைச்சீமை அக்கா, உங்கள் முறைப் பட்டியலும் இதுவும் ஒன்றுதான், உங்களுக்கு அதைச் செய்ய எங்களைவிடப் பல மடங்கு துணிச்சல் வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

#11 வடமராட்சியான்

இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம், சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்புப் பொதுச் சோதினை வரைக்கும் எடுக்கவேணும். நான் சைவநெறியில் நல்ல புள்ளி. அதைப் பார்த்து ஒருத்தரும் என்னை நல்ல பிள்ளை எண்டு சொன்னதில்லை.

ஆனால் மாணவ முதல்வர் (உங்கட லீடர் மாதிரி) சின்னம் குத்தின அண்டைக்கு ஒரு மாற்றம் வந்தது உண்மை. சின்ன வகுப்புப் பிள்ளையளை வரிசையில் விடுறது, மழைக்குள்ள நிண்டு வீதி கடத்திறது. பிந்தி வாற பிள்ளையளின்ர பெயர் எழுதுறதும் என்ர வேலைதான், நான் கடலைமிட்டாய் வாங்கவில்லை, அதற்குக் காரணம் எங்கட அதிபர், உங்கட பக்கம் தலைமையாசிரியர் எண்டுவினம். அவர் பிந்தி வந்த ஒருநாள் என்னட்ட வந்து நிண்டு ‘என்ர பெயரையும் எழுது தம்பி’ எண்டவர். எழுதினேன். கை நடுங்கினது.

#12 ஸ்டாஃப்ரூம்_ஜன்னல்

தனியார் பள்ளியில் 14 வருடமாக வேலை. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் பள்ளியில் ‘நேர்மைக் கடை’ உண்டு. பேனா, ரப்பர், நோட்டு மேசையில் இருக்கும், கடைக்காரர் கிடையாது, டப்பாவில் காசு போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். திறப்பு விழாவுக்கு நிருபரெல்லாம் வந்தார்கள். முதல் மாதம் கணக்கு சரியாக வந்தது, இரண்டாவது மாதம் நூற்றுச்சொச்சம் ரூபாய் குறைந்தது. நான் என்ன நினைத்தேன் என்றால், இப்போதுதான் வேலை ஆரம்பம், குறைந்ததைப் பிள்ளைகளிடமே சொல்லி அவர்களே பேசட்டும் என்று. நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? கடைக்கு மேலே கேமரா வைத்தது. பலகை மட்டும் இன்னும் ‘நேர்மைக் கடை’தான்.

இதுகூடப் பரவாயில்லை. ஒரு வருடம் பொதுத்தேர்வில், ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கான விடை ஹாலுக்குள் ‘எப்படியோ’ போனது. எப்படி என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் தெரியும். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அந்தத் தேர்வுக்கு முந்தின மாதம்வரை அதே பிள்ளைகளுக்கு ‘வாய்மை’ என்ற தலைப்பில் பேச்சுப்போட்டிக்குப் பயிற்சி கொடுத்தவள் நான். ஒரு பெண் என்னிடம் வந்து ‘மிஸ், எனக்கு அந்த விடை வேண்டாம்னு இருந்தேன், ஆனா எல்லாரும் எழுதினாங்க’ என்றாள். நான் ‘சரி விடும்மா, நல்லா எழுதினியா?’ என்று கேட்டேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. வீட்டுக் கடன் இருந்தது, வேலை வேண்டும், எல்லாம் உண்மை. ஆனாலும் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஒழுக்கமே சார், வகுப்பு வைக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல கதைக்குப் பிள்ளைகள் ஏங்குகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், அந்த முக்கால் மணி நேரம் எனக்கே பிடிக்கும். ஆனால் பள்ளிக்கு நஷ்டம் வருகிற ஒரு நாளில் பள்ளி என்ன செய்கிறது என்று பார்த்த பிறகு எந்தப் பிள்ளை என் கதையை நம்பும்?

#13 சாக்பீஸ்தூள்

அம்மா, எழுதியதற்கு நன்றி. நானும் சில ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்தவன்தான். மேலே எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

பொரிகடலை, அந்தப் பிட்டைப் பறித்தேன். பிறகு அவனையே உட்காரவைத்து அந்தக் குறளுக்குப் பொருள் எழுதச் சொன்னேன். சரியாகத்தான் எழுதினான், பாவி.

#14 ஒழுக்கமே_உயர்வு

ஜன்னல் அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. என் காலத்து வாத்தியார்களை நான் மதித்தது பிரம்புக்காகத்தானா என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவர் முகம்தான் தெளிவாக வருகிறது, அவர் பிரம்பே எடுக்காதவர். கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு ‘என் தப்பு, அழிச்சிடுங்க’ என்று எங்களிடம் சொல்வார். அந்தக் காலத்தில் அப்படிச் சொன்ன ஒரே ஆள்.

ஆனாலும் வகுப்பு வேண்டும் என்பதில் மாற்றமில்லை. கிரேடு வேண்டாம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

#15 கீழவாசல்_அப்பா

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அந்த மிஸ்ஸைப் பார்த்தேன். சின்னப் பெண், வேலைக்கு வந்து இரண்டாவது வருடம்தான் இருக்கும். அய்யா சொன்ன மாதிரியே கோபப்படாமல் கேட்டேன். அவருக்கே சங்கடம். எல்லாருக்கும் ஏ போட்டால் கோஆர்டினேட்டர் திருப்பி அனுப்பிவிடுகிறாராம், வகுப்புக்கு இத்தனை பி வர வேண்டும் என்று. ஹோம்வொர்க் முடிக்காததைக் குறிக்க அந்தத் தாளில் வேறு கட்டமே இல்லை, அதனால் ‘நேர்மை’யில் போட்டேன் என்றார். எழுந்து நின்றவனுக்கே குறைத்தால் அடுத்த முறை யார் எழுந்து நிற்பார்கள் என்று நான் கேட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கிரேடை மாற்றித் தருகிறேன் என்றார். வீட்டுக்கு வந்து பையனிடம் கேட்டால், ‘எனக்கு மட்டும் மாத்தினா கேவலமா இருக்கும்பா, விடு’ என்கிறான். விட்டுவிட்டேன்.

இன்று சாயங்காலம் வந்து ஒரு சேதி சொன்னான். ஹோம்வொர்க் முடிக்காதவர்கள் எழுந்து நிற்கச் சொல்லவில்லையாம் மிஸ். ‘எந்தக் கணக்கு வரலையோ அதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்க, பேர் வேண்டாம்’ என்றாராம். இருபத்தாறு தாள் வந்ததாம், வகுப்பில் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர்.

இவனுக்கும் அந்தப் பின்னக் கணக்கு இன்னும் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார வேண்டும்.

#16 பொரிகடலை

எல்லாம் சரி. நாட்டுப்பற்று?

#17 கீழவாசல்_அப்பா

கேட்டேன். ஆகஸ்ட் 15 அன்று லீவு போடாமல் வந்த எல்லாருக்கும் ஏ-வாம்.